வாவியில் எறியச் சொன்ன கோபம்

புதிதாக நேசறிப் பாலர் வகுப்புக்குப் படிப்பிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பற்றி ஒரு கதையை உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். ஆசிரியர் கூட்டங்களில் தேத்தண்ணி நேரத்தில் ஓடுகிற கதை அது. "நாலு வயசுப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டு, கிடைக்காமப் போன டீச்சர்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூட இருந்து சிரித்திருக்கிறேன், வேறு என்ன செய்வது? ஆனால் சிரிப்பு வருவதற்கு முந்திய பாகத்தை ஒருவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல வாய் எடுத்தாலே இப்போதும் முகம் சூடாகிறது. என்றாலும் சொல்கிறேன், நீங்கள் நாளைக்கு ஒரு வகுப்பின் முன்னால் நிற்கப் போகிறவர்கள்.

எங்கள் நேசறி சேர்ச் வளவுக்குள், வாவிக் கரையோடு இருந்தது. பெரிய யன்னலைத் திறந்தால் தண்ணீரும், தோணிகளும், தூரத்தில் கண்டல் மரங்களும் தெரியும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவ சமயப் பிள்ளைகள். சந்தியில் கடை வைத்திருந்த ஏறாவூர் முஸ்லிம் ஒருவரின் இரட்டைப் பிள்ளைகளும் வந்தார்கள். நாங்கள் என்ன பழக்குகிறோம் என்று எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். சாப்பிட முன் கண்ணை மூடி நன்றி சொல்வது, கொண்டுவந்ததைப் பங்கிட்டுத் தின்பது, தன் வேலையைத் தானே செய்வது, பிழை விட்டால் மன்னிப்புக் கேட்பது. "எண்ட புள்ள வீட்டிலயும் கண்ண மூடிக்கொண்டிரிக்கான் டீச்சர், கறி ஆறிப் போகுது" என்று ஒரு தாய் முறைப்பாடு போலப் பெருமை பேசுவாள். எழுத்தும் எண்ணும் பிறகுதான்.

மன்னிப்புக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு, அதனால் தலைக்கனமும் என் சொந்தம். இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் இருவரையும் யன்னலடிக்குக் கூட்டிப் போவேன். பிழை விட்டவர் 'சொறி' சொல்ல வேண்டும். பிறகு நான் கேட்பேன், "இந்தக் கோபத்த என்ன செய்யப் போறம்?" முழு வகுப்பும் கத்தும், "வாவியில எறியப் போறம்!" அடிபட்ட பிள்ளை கையைப் பொத்தி, யன்னலுக்கு வெளியே ஓங்கி எறிய வேண்டும். "போச்சு!" என்று எல்லோரும் கத்துவார்கள். இருவரும் கட்டிப் பிடிப்பார்கள். கைதட்டல்.

பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா? வெளியூரில் இருந்து வருகிறவர்கள் கண் கலங்கிப் போவார்கள். மற்ற நேசறி டீச்சர்மாருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும்போது இதைச் செய்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபத்தில் இல்லாத வாவியை நோக்கி எறிந்தும் காட்டியிருக்கிறேன்.

இந்த முறைக்கு ஒரு வால் இருந்தது. "எறிஞ்சதத் திரும்ப எடுக்கப்படாது. மறுகா அதப் பத்திக் கதைக்கவும் கூடாது." கடவுள் எங்கள் பாவங்களைக் கடலில் போட்டுவிட்டு மறந்து விடுகிறார் அல்லவா, அதைத்தான் பிள்ளைகளுக்கு விளங்குகிற விதத்தில் சொன்னேன் என்று போதகர் ஐயாவிடம் விளக்கம் கொடுத்திருந்தேன். உண்மை அதுவல்ல. இந்தப் பிள்ளைகள் காலையில் தள்ளினதைப் பின்னேரம் வரை வந்து வந்து சொல்லும். என் காதுக்கு ஓய்வு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது நடந்த வருடம்தான் நேசறியில் என் கடைசி வருடம். வகுப்பில் அபிஷா என்று ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் கட்டாரில் வேலை. தாய் சுதா விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். ஜோயல் என்று ஒரு பையனும் இருந்தான். அவனுடைய தகப்பன் சபைக் கமிட்டியில் இருந்தார், எங்கள் கூரை ஒழுகியபோது தகடு மாற்றித் தந்தவர். ஜோயல் கடிக்கிற பிள்ளை. அந்த வயதில் அது புதினம் இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பதில் அவனை விழுத்த ஆள் இல்லை. தலையைச் சரித்து, கண்ணை விரித்து, "சொறி அபிஷா" என்று அவன் சொன்னால் கல்லும் கரையும். நானே முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

வருடத் தொடக்கத்தில் அபிஷாவை இரண்டொரு தடவை கடித்தான். யன்னலடிக்குப் போனோம், எறிந்தோம், முடிந்தது. பிறகு முறைப்பாடே இல்லை. ஜோயல் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அபிஷாவோ மெல்ல மெல்ல அமைதியான பிள்ளையாகி விட்டாள். யார் அவளுடைய கலர் பென்சிலைப் பறித்தாலும் பேச மாட்டாள், முறையை விட்டுக் கொடுப்பாள். "அபிஷாவப் பாருங்க, எவ்வளவு பொறுமை!" என்று அவளை எழுப்பி நிறுத்தி, நெற்றியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு நாள் இல்லை, பல நாள் ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை. எப்போதும் ஓட்டமும் நடையுமாகக் கடைசியில் வருகிற சுதா அன்று முதல் ஆளாகக் கேற்றடியில் நின்றாள். மற்றத் தாய்மாரும் வந்துகொண்டிருந்தார்கள். "வாங்ககா, என்ன இண்டைக்கு வெள்ளனவே?" என்றேன். அவள் பிள்ளையைத் திருப்பி, சட்டையைப் பின்னால் தூக்கிக் காட்டினாள்.

தோளிலும் முதுகிலும் பல் அடையாளங்கள். சில புதியவை. சில மஞ்சளாகிப் பழசானவை.

"நேத்து தல முழுகவாக்கக்குள்ளதான் கண்டன்" என்றாள். "கொஞ்ச நாளா நானே குளிக்கிறன், நானே சட்ட போடுறன் எண்டு நிண்டவ. நேசறியில நல்லாப் பழக்குறாங்க எண்டு நானும் சந்தோசப்பட்டன் டீச்சர்."

அந்த இடத்தில் நான் செய்த முதல் காரியத்தைக் கேளுங்கள். தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து பிள்ளையைக் கேட்டேன், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏன் மகள் டீச்சருக்குச் சொல்லல்ல?" பிழை என்னிடம் இல்லை, பிள்ளை சொல்லவில்லை என்று நாலு பேருக்கு விளங்க வேண்டுமாம் எனக்கு. வெட்கம் கெட்டவள்.

அபிஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாடமாக்கினதை ஒப்புவிக்கும் குரலில் சொன்னாள்: "நான் எறிஞ்சிட்டன் தானே டீச்சர். எறிஞ்சா மறுகா கதைக்கப்படாது."

அங்கேயே விசாரித்தபோதுதான் தெரிந்தது. தண்ணீர்க் குழாயடியில், சறுக்குமரத்துக்குப் பின்னால், அவன் கடிப்பான். கடித்துவிட்டு அவனே 'சொறி' சொல்வான். அவள் கையைப் பொத்தி வாவிப் பக்கம் எறிவாள். இருவரும் கட்டிப் பிடிப்பார்கள். நாங்கள் பழக்கிய எல்லாவற்றையும் எங்கள் துணை இல்லாமலே ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கேற்றடிக்குக் கூடிவிட்டார்கள். ஜோயலைக் கூப்பிட்டேன். துள்ளிக்கொண்டு வந்தான். நான் வாய் திறக்க முதல் தலையைச் சரித்து, "சொறி அபிஷா" என்று கைகளை விரித்தான். விரித்தபடியே வகுப்பைக் கிறுகிப் பார்த்தான். அந்தக் குஞ்சுகளுக்கு என்ன தெரியும்? சைகை கிடைத்ததும் தொண்டை கிழியக் கத்தினார்கள், "போச்சு!" கைதட்டல் வேறு. சட்டை இன்னும் சரியாக இறங்காத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சுதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

விஷயம் போதகர் ஐயாவின் அறைக்குப் போனது. ஜோயலின் தகப்பனையும் அழைத்திருந்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சின்னப் புள்ளைகள்தானே, நான் அவனக் கண்டிக்கிறன்" என்றார். ஐயா தன்மையாகப் பேசினார். பிள்ளைகள் மறந்து விடுவார்கள், பெரியவர்கள் நாங்கள்தான் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்றார். சுதா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கோபிக்காதீங்க ஐயா. நாங்க வேதக்காரர் இல்ல. புள்ளைக்கு நல்ல பழக்கம் வரும் எண்டுதான் இஞ்ச விட்டன். பல்லுப் பட்ட காயம் ஆறிரும். அந்தப் பொடியனோடயும் எனக்குக் கோபம் இல்ல, அதுவும் புள்ளதானே. ஆனா நாளைக்கு வளந்த ஒருத்தன் இவளுக்கு ஏதும் செஞ்சுபோட்டு, மன்னிச்சிரு, ஒருத்தருக்கும் சொல்லாத எண்டா, இவ என்ன செய்வா? எறிஞ்சுபோட்டு வந்து எண்ட பக்கத்தில படுப்பா. எனக்குத் தெரியவே வராது."

ஐயா, "ஜெபம் பண்ணுவம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கண்ணை மூடியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆமென் சொன்னால் முடிந்தது, எழும்பிப் போகலாம், இத்தனை வருடத்து நல்ல பெயர் அப்படியே இருக்கும். நடுவில் தாங்காமல் கண்ணைத் திறந்தேன். சுதா கண்ணை மூடியிருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் நானும் மற்றவர்களும் கூடி மூடச் சொன்ன கண்களை எல்லாம் அப்போதுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் அவள் பின்னால் போனேன். "சுதா, புள்ளய இன்னும் கொஞ்சநாள் என்னட்ட விடுங்க."

"என்னத்துக்கு டீச்சர்? இன்னும் என்ன படிப்பிக்கப் போறீங்க?"

"படிப்பிச்சத அழிக்கணும்."

"நான் வந்து இரிப்பன். எண்ட கண்ணுக்கு முன்னால செய்ங்க" என்றாள். இடியப்ப வேலை முடிந்த கையோடு, நனைந்த சேலைத் தலைப்போடு வந்து, பின்னால் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் உட்காருவாள். அந்த நாட்களில் நான் படிப்பித்ததைப் போல ஒரு நாளும் படிப்பித்ததில்லை. என் ஒவ்வொரு சொல்லும் என் காதிலேயே விழுந்தது.

ஐயாவின் அறைக்குப் போன மறுநாள் வகுப்பின் நடுவில் அபிஷாவின் முன்னால் முழங்காலில் இருந்தேன். "டீச்சர் பிழை செஞ்சிட்டன் மகள். நோகக்குள்ள சொல்லாம இரிக்கப் பழக்கிட்டன். என்ன மன்னிச்சுக்க" என்றேன். அவளோ ஒரு கணம்கூட எடுக்கவில்லை. கையைப் பொத்தி, யன்னல் பக்கம் வீசி, "எறிஞ்சிட்டன் டீச்சர்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கை தட்டினார்கள். அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை. கடித்தவனுக்கும் எனக்கும் ஒரே முகம், ஒரே கட்டிப்பிடிப்பு.

அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

"எறிய வேண்டாம் மகள்" என்றேன். "கோபம் இரிந்தா இரிக்கட்டும். உன்னட்ட வச்சிரு. நோகுதெண்டா நோகுதெண்டு சொல்லு." அவளுக்கு விளங்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கவில்லை. நேற்று வரை டீச்சர் வேறு மாதிரிச் சொன்னாரே என்று பார்த்தார்கள். ஒரு பழக்கத்தை ஏற்றுவது சுகம், இறக்குவதுதான் பெரும் பாடு. அன்றிலிருந்து யன்னலடி முறையை நிறுத்தினேன். ஜோயலுக்குக் கைதட்டல் இல்லை. யாரையாவது நோவித்தால், ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, நோவு குறைந்துவிட்டதென்று அந்தப் பிள்ளை சொல்லும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. கடிப்பது குறைந்தது.

அபிஷா மட்டும் அப்படியே இருந்தாள். ஒரு நாள் சறுக்குமரத்தால் விழுந்து முழங்கால் பிளந்து இரத்தம் ஓடியது. "நோகுதா மகள்?" என்றேன். "இல்ல டீச்சர்" என்று சிரித்தாள். மருந்து கட்டிவிட்டு, விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்தச் சிரிப்பு நான் ஒட்டிய நட்சத்திரம்.

இனித்தான் நீங்கள் கேள்விப்பட்ட பாகம் வருகிறது. கொழும்பில் இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நேசறியைப் பார்த்து, பிடித்தால் உதவி செய்யக்கூடியவர்கள். ஐயா என் காதடியில், "அந்த யன்னல் பழக்கத்த ஒருக்காக் காட்டுங்க டீச்சர், அவங்களுக்குச் சொல்லி வச்சிட்டன்" என்றார். "நிப்பாட்டிட்டன் ஐயா" என்றேன். "இண்டைக்கு மட்டும்" என்றார். நான் பதில் தேடிக்கொண்டே, வகுப்புக்குள் நின்றபடி பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு ஊஞ்சலுக்கு அனுப்பத் தொடங்கினேன். படபடப்பில் அபிஷாவின் முறையில் வேறு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

"டீச்சர்! அது எண்ட முற."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினோம். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு உங்களோட கோபம்" என்றாள்.

"ஊஞ்சலுக்கா மகள்?"

"ஊஞ்சலுக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "கடிச்சதுக்கும்."

நான் கடிக்கவில்லையே என்று நுனி நாக்கு வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். பிள்ளைகளே, உங்கள் வேலையில் இப்படி விழுங்க வேண்டிய வசனங்கள் வரும். நியாயமான வசனங்களாகத்தான் இருக்கும். விழுங்கி விடுங்கள்.

ஐயாவுக்கு நல்ல வாய்ப்பாகப் போயிற்று. "அப்ப அந்தக் கோபத்த என்ன செய்யப் போறம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். பழக்க தோசம், பாதிப் பிள்ளைகள் "வாவியில..." என்று தொடங்கி என்னைப் பார்த்து நின்றுவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அபிஷாவின் கை பொத்தத் தொடங்கியதைக் கண்டேன்.

"எறிய வேண்டாம்" என்றேன், கொஞ்சம் பலமாகவே. "அது அவட கோபம் ஐயா. அவ வச்சிரிக்கட்டும்."

ஐயாவின் முகம் கறுத்தது. நான் குனிந்து அபிஷாவிடம், "டீச்சர மன்னிப்பியா மகள்?" என்று கேட்டேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "இல்ல" என்றாள். போனைப் பிடித்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். கூடப் படிப்பித்தவர்களும் சிரித்தார்கள். சுதா மட்டும் சிரிக்கவில்லை, பின் கதிரையில் இருந்து எழும்பி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். அடுத்த நாளில் இருந்து சுதா வகுப்பில் வந்து உட்காரவில்லை. கொழும்புக்காரரும் திரும்பி வரவில்லை, அதற்கு ஐயா என்னோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு அபிஷா ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டாள். காலையில் கேற்றடியில் மற்றத் தாய்மார் முன்னால், "இண்டைக்கும் கோபம்தான் டீச்சர்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போவாள். "சரி மகள்" என்பேன். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு சந்தோசம்! தாய்மார் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு காலையும். பழகவே இல்லை. பழகக் கூடாது என்றும் நினைத்தேன். இனிப்புக் கொடுத்துச் சமாதானம் பண்ணுங்கள் என்று சிலர் புத்தி சொன்னார்கள். நான் செய்யவில்லை. பிள்ளையின் மன்னிப்பு எங்களுக்கு ஆறுதல் தருகிற மருந்து இல்லை.

வருடக் கடைசியில் கிறிஸ்மஸ் விழா. அதோடு என் வேலையும் முடிகிறது. அபிஷா தேவதூதர் வேஷம். மேடைக்குப் பின்னால் ஒரே அமளி. எனக்காகப் பிரியாவிடைப் பேச்சு ஒன்றும் மைக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமை, அன்பு, மன்னிப்பு என்று என்னவோ எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவசர அவசரமாக அபிஷாவின் செட்டையைச் சட்டையோடு சேர்த்து ஊசி குத்தினேன். கை தவறி ஊசி தோளில் பட்டுவிட்டது.

"ஆ! நோகுது டீச்சர்!"

திரைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்தினார். முன்வரிசையில் இருந்த சுதா எழும்பித் திரைக்குப் பின்னால் வந்து, பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மகள் சத்தம் போட்டாள், தாய்க்குக் கேட்டது, வந்தாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்க மகள்" என்றேன்.

அபிஷா தோளைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். தேவதூதர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"பொறுங்க டீச்சர், யோசிச்சுப்போட்டுச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு, செட்டை ஒரு பக்கம் சரிய, மேடைக்கு ஓடினாள். ஆட்டம் முடிந்து, ஐஸ்கிறீம் தின்று, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டாள். இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.